மக்களுக்குச் செலவழித்தால் வளர்ச்சி குறையுமா?

சென்ற மாதம் ஐரோப்பிய நாடுகளின் பட்ஜெட் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஓய்வூதியம், மருத்துவம், குழந்தை வளர்ப்பு, வேலையிழந்தோர் உதவி என்று அரசு செய்யும் சமூகச் செலவு ஒரு நாட்டின் வளர்ச்சியைக் கெடுக்குமா, கூட்டுமா என்பதுதான் பெரும்பாலானவர்களின் கேள்வி. நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய காலம் முழுக்க மாணவிகள் கேட்டதும் இதையேதான். அதனால் இந்த மாதப் பக்கங்களை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர்: வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் வந்தது. பிரான்ஸ் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 31 சதவீதத்தைச் சமூகச் செலவுக்குக் கொடுக்கிறது. தென்கொரியா 15 சதவீதம்தான் கொடுக்கிறது. கொரியா வேகமாக வளர்கிறது, பிரான்ஸ் தேங்கிக் கிடக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

எண்கள் சரிதான். ஓஇசிடி என்ற வளர்ந்த நாடுகளின் அமைப்பு வெளியிடும் கணக்கு அது. அதன் உறுப்பு நாடுகளின் சராசரி 21 சதவீதத்தை ஒட்டி வரும். ஆனால் நீங்கள் எடுக்கும் முடிவுக்கு அந்தப் படத்தில் ஆதாரம் இல்லை.

ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் அடால்ஃப் வாக்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார், ஒரு சமூகம் செல்வம் சேர்க்கச் சேர்க்க அரசின் செலவும் கூடும் என்று. பணக்கார நாட்டில் மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், முதியவர்கள் பெருகுகிறார்கள், ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் ஏறுகின்றன. அதே நாடு தொழில்நுட்பத்தின் முன்வரிசையில் நிற்பதால் அதன் வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். பின்னாலிருந்து எட்டிப் பிடிக்கும் நாடுதான் வேகமாக ஓடும். அதிகச் செலவு, மெதுவான வளர்ச்சி இரண்டுமே பணக்கார நாடாக இருப்பதிலிருந்து வருகின்றன. ஒன்று மற்றதைக் கெடுத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சதவீதமே ஏமாற்றுவதும் உண்டு. 2009லும் 2020லும் பல நாடுகளில் உற்பத்தி சுருங்கியது. வேலை போனவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. விகிதத்தில் மேலே உள்ள செலவு கூடி, கீழே உள்ள உற்பத்தி குறைந்ததால், புதிய திட்டம் எதுவும் வராமலேயே சமூகச் செலவின் விகிதம் ஏறியிருக்கும். அயர்லாந்தில் நேர்மாறாக நடந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமைச் சொத்துகளைக் கணக்கேட்டில் அங்கே மாற்றியதால், 2015 ஒரே ஆண்டில் அதன் உற்பத்தி சுமார் 25 சதவீதம் கூடியதாகப் பதிவானது. ஒரு முதியவரின் ஓய்வூதியம்கூடக் குறையவில்லை, ஆனால் விகிதம் இறங்கிவிட்டது. இந்த ஆண்டுகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் போட்டால் 'குறைந்த செலவு, அதிக வளர்ச்சி' என்ற கோடு தானாக விழும்.

சரி, கொரியாவுக்கு வருவோம். செலவே செய்யாமல் முன்னேறிய நாடு என்று எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். 1990ல்கூட அதன் சமூகச் செலவு 3 சதவீதத்தைத் தொடவில்லை என்பது உண்மை. ஆனால் இந்தக் கணக்கில் பள்ளிக்கூடச் செலவு சேராது, நிலச் சீர்திருத்தமும் சேராது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொரியா குத்தகை நிலத்தை உழுதவர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. போரில் இடிந்த நாடு, 1950கள் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுவந்துவிட்டது. பிற்பாடு ஆடைத் தொழிற்சாலைக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் அந்தக் குழந்தைகள்தான். 1977ல் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள். சின்ன நிறுவனங்கள், விவசாயிகள், சுயதொழில் செய்பவர்கள் என்று விரித்துக்கொண்டே போய் 1989ல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் 1980 என்ற ஒரு மோசமான ஆண்டைத் தவிர்த்தால், கொரியப் பொருளாதாரம் நல்ல வேகத்தில்தான் வளர்ந்தது. எல்லோருக்கும் மருத்துவம் கொடுத்ததால் அது மூச்சுத் திணறவில்லை.

அது கைவிட்டது முதியவர்களை. தேசிய ஓய்வூதியத் திட்டம் 1988ல்தான் தொடங்கியது. அதற்குள் வேலைக்காலத்தின் பெரும்பகுதியை முடித்தவர்களுக்கு அதனால் கிடைத்தது கொஞ்சம்தான், பலருக்கு எதுவுமே இல்லை. இன்று கொரிய முதியவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஏழைகள். ஓஇசிடி நாடுகளில் இவ்வளவு மோசமான நிலை மிக அரிது. சோல் நகரத் தெருக்களில் அட்டைப்பெட்டி பொறுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோய் எடைக்குப் போடும் பாட்டிகளும் தாத்தாக்களும், அந்த வளர்ச்சியைத் தங்கள் உடம்பால் கட்டியவர்கள். அந்த 15 சதவீதத்தை நாம் பாராட்டும்போது இவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரிய அரசே இப்போது அந்த எண்ணை வேகமாக உயர்த்தித்தான் வருகிறது.

திருப்பூரிலிருந்து ஒரு பின்னலாடை யூனிட் உரிமையாளர்: கொடுப்பது நல்லதுதான். பணம் யார் தருவது? வரியை ஏற்றினால் தொழில் வேறு நாட்டுக்குப் போய்விடாதா?

நியாயமான பயம், அய்யா. தாராளமாகச் செலவு செய்யும் நாடுகள் நிறுவனங்களைப் பிழிந்துதான் அந்தப் பணத்தை எடுக்கின்றன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஸ்வீடனில் நிறுவன லாப வரி 20.6 சதவீதம். அமெரிக்காவில் மத்திய வரி மட்டுமே 21, மாநில வரி அதற்கு மேல். ஸ்வீடன் வாரிசுச் சொத்து வரியை 2004 கடைசியோடு நிறுத்திவிட்டது, செல்வ வரியை 2007ல் எடுத்துவிட்டது.

பணம் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் விற்பனையின் மீதான மதிப்புக் கூட்டு வரியின் பொது விகிதம் 25 சதவீதம். சட்டை வாங்கினாலும் முடி வெட்டிக்கொண்டாலும் அது உண்டு. ஸ்வீடனில் முதலாளி ஒவ்வொரு சம்பளத்துக்கும் மேலே ஏறத்தாழ 31 சதவீதம் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பு கட்டுகிறார். ஏழை, பணக்காரர் எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோருக்கும் திரும்பி வருகிறது. பீட்டர் லிண்டர்ட் என்ற அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாளர் 200 ஆண்டுக் கணக்கை எடுத்து அலசியபோது, பெரிய சமூகச் செலவு வளர்ச்சியைக் குறைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும் இழப்பு நிஜ நாடுகளின் வரலாற்றில் தென்படவில்லை என்றுதான் கண்டார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது இந்த வரி அமைப்பு. நிறையச் செலவு செய்யும் நாடு தன் வரியைக் கவனமாக வடிவமைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தாங்காது.

அமெரிக்காவையும் பாருங்கள். அங்கே மருத்துவத்துக்கு மட்டும் உற்பத்தியில் சுமார் 17 சதவீதம் போகிறது. அதில் கணிசமான பங்கு கம்பெனி வழியாகக் கட்டும் காப்பீட்டு பிரீமியம். தனியார் சமூகச் செலவையும் வரிச் சலுகைகளையும் சேர்த்து ஓஇசிடி நிகரக் கணக்குப் போட்டால், அமெரிக்கா பிரான்ஸுக்கு அடுத்த இடத்துக்கு வந்து நிற்கிறது. அரசு கொடுக்காவிட்டால் அந்தச் செலவு மறைந்துபோவதில்லை, உங்களைப் போன்ற தொழில் முனைவோர் தலையிலும் தொழிலாளி தலையிலும் ஏறுகிறது.

ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். விற்பனை வரி ஏழையைத்தான் அதிகம் அழுத்தும். பள்ளியும் ஆஸ்பத்திரியும் தரமாக இருந்தால்தான் அந்த வரியை நியாயம் என்று என்னால் ஏற்க முடியும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அம்மா, ஸ்வீடன் மக்களுக்கு அள்ளிக் கொடுத்துத்தான் 1990களில் திவாலாகும் நிலைக்குப் போனது, பிறகு எல்லாவற்றையும் வெட்டித்தான் பிழைத்தது என்று எங்கள் விரிவுரையாளர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. உன் விரிவுரையாளர் சொல்லும் நெருக்கடி நடந்ததுதான். 1991 முதல் 1993 வரை மூன்று ஆண்டும் ஸ்வீடனின் உற்பத்தி சுருங்கியது. 1993ல் பட்ஜெட் பற்றாக்குறை உற்பத்தியில் 11 சதவீதத்தைத் தாண்டியது. வேலையின்மை 2 சதவீதத்துக்குக் கீழே இருந்த நாட்டில் அது பல மடங்காகிவிட்டது.

காரணத்தைத் தேடினால் 1985க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வங்கிகள் கடன் கொடுப்பதற்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். கடன் வெள்ளமாக ஓடி, வீட்டு விலையும் வணிகக் கட்டட விலையும் எக்கச்சக்கமாக ஏறி, பிறகு உடைந்தது. வங்கிகள் ஆட்டம் கண்டன. நாணயமான குரோனாவின் மதிப்பை விடாமல் பிடித்து வைக்க 1992 செப்டம்பரில் மத்திய வங்கி தன் வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றியது. ஆமாம், ஐந்நூறு. அப்படியும் முடியாமல் நவம்பரில் குரோனாவை மிதக்க விட்டார்கள். இது ஒரு வங்கி நெருக்கடி. ஓய்வூதியமோ குழந்தைகள் காப்பகமோ அதைக் கொண்டுவரவில்லை. ஆனால் நெருக்கடி வந்தபோது, நல்ல காலத்துக்காகவே அமைத்திருந்த தாராளமான உதவிகள் பற்றாக்குறையைப் பெரிதாக்கின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேதான் உன் விரிவுரையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நோய்க்கால உதவியையும் வேலையின்மை உதவியையும் ஓரளவு குறைத்தார்கள். பட்ஜெட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கட்சிகள் பல ஒன்றாக உட்கார்ந்து ஓய்வூதியத்தை மாற்றின. 1994ல் கொள்கை முடிவு, 1998ல் சட்டம். ஒவ்வொருவர் வருமானத்திலிருந்தும் 18.5 சதவீதம் அவர் பெயரில் பதிவாகும். எவ்வளவு காலம் வேலை செய்தாரோ, மக்களின் ஆயுள் எவ்வளவு நீள்கிறதோ, அதற்கேற்ப ஓய்வூதியம் அமையும். எதையும் மூடவில்லை. இன்றும் ஸ்வீடனின் சமூகச் செலவு உற்பத்தியில் கால் பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. அரசுக் கடனோ அமெரிக்காவோடும் ஜப்பானோடும் ஒப்பிட்டால் மிகவும் குறைவு. நிறையக் கொடுப்பதும் கடனைக் குறைவாக வைத்திருப்பதும் ஒரே நாட்டில் முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

என் மகள் ஸ்வீடனின் யோதபோரி நகரத்தில் வேலை செய்கிறாள். பேத்தி பிறந்தபோது உதவிக்குப் போய்ச் சில மாதங்கள் அங்கே இருந்தேன். பெற்றோருக்குச் சேர்த்து 480 நாள் உதவித்தொகையோடு கூடிய விடுப்பு, அதில் 90 நாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒதுக்கியது, மாற்றித்தர முடியாது. அதனால் மகள் வேலைக்குத் திரும்பியதும் மருமகன் வீட்டில் இருந்தார். காலையில் பூங்காவுக்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனால் தள்ளுவண்டியோடு நிற்பவர்களில் அப்பாக்கள் ஏராளம். கஞ்சி ஊட்டுவதும் நாப்பி மாற்றுவதும் அவர்களே. பேத்தி வளர்ந்து காப்பகத்தில் சேர்ந்தபோது, முதல் குழந்தைக்குக் கட்டணம் குடும்ப வருமானத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகாது, அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு என்று மகள் சொன்னாள். சென்னையில் இருக்கும் என் இன்னொரு மகள், வேலையில் என் மூத்தவளைவிடக் கெட்டிக்காரி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டாள். அந்த இழப்பு எந்த நாட்டு வளர்ச்சிக் கணக்கிலும் தனியாகப் பதிவாவதில்லை, ஆனால் அது இழப்புதான்.

ஸ்வீடன் 1971ல் கணவன், மனைவி வருமானத்துக்குத் தனித்தனி வரி என்று மாற்றியது. அதுவரை இருவர் வருமானத்தையும் சேர்த்து வரி போட்டதால், மனைவி சம்பாதிக்கும் முதல் குரோனாவுக்கே கணவனின் உயர்ந்த விகிதம் விழுந்தது. 1974ல் அப்பாக்களும் எடுக்கக்கூடிய விடுப்பு வந்தது. இன்று அங்கே 20 முதல் 64 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள். காப்பகத்துக்குக் கொடுத்த பணத்தைச் செலவுப் பக்கத்தில் மட்டும் எழுதி, இந்த வரியை வேறு பக்கத்தில் எழுதினால் எப்படி உண்மை தெரியும்? உன் விரிவுரையாளரிடம் இதைக் கேட்டுப் பார். மரியாதையோடு கேள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை: இலங்கை இலவசக் கல்வி, இலவச வைத்தியம், மானிய அரிசி எல்லாம் தந்த நாடு. 2022ல் கடனைக் கட்ட முடியாமல் முறிந்துபோனது. எங்களுடைய நலத்திட்டங்கள்தான் காரணம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். கேட்கக் கவலையாக இருக்கிறது.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நீங்கள் படித்த பள்ளியையே குற்றவாளி ஆக்குவது போல இருக்கும்.

1945ல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, 1951ல் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை நீக்கியது, மலேரியா ஒழிப்பு, பங்கீட்டு அரிசி எல்லாம் சேர்ந்து செய்தது உலகம் வியந்த வேலை. 1946ல் 43ஐ ஒட்டி இருந்த சராசரி ஆயுள் 1950களின் நடுவில் 60ஐ நெருங்கியது. வருமானம் அந்த அளவுக்கு உயராமலே இது நடந்தது. அமர்த்திய சென் பல இடங்களில் இலங்கையை உதாரணம் காட்டியது இதனால்தான்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. பள்ளியும் ஆஸ்பத்திரியும் மலிவாக நடந்தன. எல்லோருக்கும் அரிசி என்பது வேறு கதை. தேயிலை, ரப்பர் விலை விழும்போதெல்லாம் அது கருவூலத்தை அழுத்தியது. 1953ல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகும் அளவுக்குப் போனது. அதன் பிறகு தொடவே எல்லோரும் பயந்தார்கள்.

2022க்கு அந்த அரிசி காரணம் இல்லை. அண்மைக் காலத்தில் இலங்கை அரசு கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செலவிட்டது, ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியில் சுமார் 2 சதவீதம்தான். 1990வாக்கில் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரியாக வந்தது. அது தேய்ந்துகொண்டே போனது. 2019 கடைசியில் மதிப்புக் கூட்டு வரியை 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், வேறு வரிகளையும் விட்டுக்கொடுத்தார்கள். 2021ல் மொத்த வரி வருவாய் உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டிய நிலைக்கு இறங்கிவிட்டது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது. கூடவே சர்வதேசச் சந்தையில் வாங்கிய டாலர் கடன், நீண்ட போரின் சுமை, பெருந்தொற்றில் நின்றுபோன சுற்றுலா. கடனை வாங்கியவர்களும் வரியைத் தள்ளுபடி செய்தவர்களும் சேர்த்த சுமையைப் பள்ளிக்கூடத்தின் மேல் போடுவது அநியாயம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த நலத்திட்டங்கள் எல்லோரையும் சேரவில்லை. தேயிலையைப் பறித்து அந்த வருமானத்தை உண்டாக்கிய மலையகத் தமிழர்களின் குடியுரிமை 1948ல் பறிபோனது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பெடுத்தது 1970களில்தான். இலவசக் கல்விச் சட்டத்துக்கும் அதற்கும் இடையே ஒரு தலைமுறையே போய்விட்டது. அந்தத் தலைமுறைக்குச் செய்யாத செலவு நாட்டுக்கு மிச்சமாகவில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்: இங்கே இலவசம் என்று எதுவும் கிடையாது. நாடு பணக்கார நாடு. இதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

உங்கள் நண்பர்களில் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ யாராவது இருந்தால் அவர்களின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 55 வயது வரை, மத்திய சேமநிதிக்குத் தொழிலாளி 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம், மொத்தம் 37. ஓய்வுக்காலம், ஆஸ்பத்திரி, வீடு மூன்றுக்கும் அதிலிருந்துதான் பணம். நாட்டில் வசிப்போரில் 80 சதவீதத்துக்கு நெருக்கமானவர்கள் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். இதெல்லாம் சமூகச் செலவுக் கணக்கில் பெரும்பாலும் வராது. அரசு மிகவும் உள்ளே இறங்கித்தான் வேலை செய்கிறது, வழி மட்டும் வேறு. வாழ்நாள் முழுக்கக் குறைந்த சம்பளம் வாங்கியவருக்குச் சேமிப்பும் குறைவாகத்தான் சேரும் என்பது இந்த முறையின் பலவீனம். அதை நிரப்ப அரசு பின்னாளில் தனி உதவிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

கரூரிலிருந்து ஓர் இல்லத்தரசி: எங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிகள் சிலர் இருக்கிறார்கள். "இதனால் நாட்டுக்கு என்ன வளர்ச்சி?" என்று என் தம்பி கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் தம்பிக்குத் தென்னாப்பிரிக்காவைச் சொல்லுங்கள். நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1990களின் தொடக்கத்தில், கறுப்பின முதியவர்களுக்கும் வெள்ளையருக்குச் சமமான ஓய்வூதியம் வந்தது. பெண்களுக்கு 60 வயதிலிருந்து, ஆண்களுக்கு 65லிருந்து. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ, அந்தப் பணம் வந்த வீடுகளில் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் ஆராய்ந்தார். பாட்டி கைக்குப் பணம் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல்நிலை தெளிவாக முன்னேறியிருந்தது. தாத்தா கைக்கு வந்த வீடுகளில் அப்படி எதுவும் காணவில்லை. உங்கள் தெருப் பாட்டிகள் அந்தப் பணத்தில் யாருக்குப் பால் வாங்குகிறார்கள், யார் பள்ளிக்கூட நோட்டுக்குக் கொடுக்கிறார்கள் என்று தம்பியைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தப் பணத்தில் பாட்டி தனக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டாலும் அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். வளர்ச்சியே எதற்கு, வயதான காலத்தில் ஒருவர் கையேந்தாமல் சாப்பிடுவதற்குத்தானே. எல்லாச் செலவையும் வளர்ச்சி என்ற ஒரே தராசில் நிறுப்பதை நான் ஏற்கவில்லை.

சென்னையிலிருந்து ஒரு பட்டயக் கணக்காளர்: அப்படியென்றால் கெடுதலான சமூகச் செலவு என்று எதுவுமே இல்லையா?

இருக்கிறது. பிரேசிலில் 2019 சீர்திருத்தம் வரும்வரை ஆண்கள் 35 ஆண்டு, பெண்கள் 30 ஆண்டு பங்களிப்பு கட்டியிருந்தால் வயது வரம்பே இல்லாமல் ஓய்வு பெறலாம். ஐம்பதுகளிலேயே பலர் ஓய்வூதியம் வாங்கினார்கள். பெரும்பாலும் முறையான வேலையில் இருந்தவர்கள், அதாவது ஓரளவு வசதியானவர்கள். இளைஞர்கள் நிறைந்த நாடு, உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓய்வூதியத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே நாட்டில் 2003ல் தொடங்கிய போல்சா ஃபமிலியா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பித் தடுப்பூசி போடும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. மக்கள்தொகையில் ஏறக்குறைய கால் பங்கை அது எட்டியது. செலவு? உற்பத்தியில் சுமார் அரை சதவீதம். இரண்டுமே கணக்கில் 'சமூகச் செலவு' என்றுதான் எழுதப்படும். கடன் வாங்கி ஓய்வூதியம் கொடுத்த கிரேக்கத்திலும் இதே தவறுதான், முடிவு இன்னும் கொடுமை. 2010 நெருக்கடிக்குப் பிறகு உற்பத்தியில் கால் பங்கு கரைந்தது, வாக்குக் கொடுத்த ஓய்வூதியத்தையே திரும்பத் திரும்ப வெட்டினார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை: எங்கள் பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் முகமே மாறியிருக்கிறது. இது பொருளாதாரக் கணக்கில் தெரிய எத்தனை ஆண்டு ஆகும்?

நீங்களும் நானும் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன பிறகுதான் தெரியும் அம்மா. ஸ்வீடன் 1959 முதல் 1969 வரை ஊர் ஊராகப் பள்ளிகளில் இலவச மதிய உணவை விரித்தது. முன்னால் தொடங்கிய ஊர்ப் பிள்ளைகளையும் பின்னால் தொடங்கிய ஊர்ப் பிள்ளைகளையும் பொருளாதார ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்து ஒப்பிட்டார்கள். தொடக்கப் பள்ளிக் காலம் முழுக்க அந்த உணவைச் சாப்பிட்டவர்கள் வாழ்நாளில் சராசரியாக 3 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். அமெரிக்காவில் 133 அரசுத் திட்டங்களை ஒப்பிட்டு 2020ல் வந்த ஓர் ஆய்வும், ஏழைக் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் செய்த செலவுகளில் பல, பின்னால் வரியாகத் திரும்பி வந்து தங்கள் செலவைத் தாங்களே ஈடுகட்டிக்கொண்டன என்று கண்டது. இந்தியாவில், பள்ளியில் மதிய உணவு கிடைத்த தலைமுறைப் பெண்கள் பெற்ற குழந்தைகளிடம் வளர்ச்சி குன்றல் குறைவாக இருப்பதை 2021ல் ஓர் ஆய்வு காட்டியது. சாப்பிட்டது அம்மா, உயரமானது பிள்ளை.

நாடுகளை ஒப்பிடும் வரைபடங்கள் பெரும்பாலும் ஐந்தாண்டு, பத்தாண்டு வளர்ச்சியைத்தான் பார்க்கின்றன. ஆறு வயதுக் குழந்தை சாப்பிட்ட உப்புமாவின் பலன் அதற்குள் எப்படித் தெரியும்? நம் பட்ஜெட்டிலும் பள்ளியின் சுற்றுச்சுவர் மூலதனச் செலவு, பிள்ளையின் உணவும் ஆசிரியர் சம்பளமும் வருவாய்ச் செலவு. சுவரை முதலீடு என்றும் பிள்ளையைச் செலவு என்றும் எழுதும் இந்த முறையை மாற்ற வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தேன், இங்கேயும் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்வீடன் ஆய்வு சாத்தியமானதற்குக் காரணம், எந்த ஊரில் எந்த ஆண்டு உணவு தொடங்கியது என்ற பழைய ஆவணங்களும், ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது அளந்த உயரக் கணக்குகளும் பத்திரமாக இருந்ததுதான். உங்கள் பள்ளியில் திட்டம் தொடங்கிய தேதி, வருகைப் பதிவேடு, சுகாதாரப் பணியாளர்கள் வந்து எடுக்கும் உயரம், எடைக் குறிப்புகள், இவற்றைப் பழைய காகிதம் என்று எடைக்குப் போட விடாதீர்கள். ஒரு நகல் எடுத்து, ஆண்டு எழுதி, பீரோவில் வையுங்கள்.